முதலில் டெல்டாவை எண்ணுங்கள்: பள்ளி ஆய்வகத்தில் கைரேகை வகை பிரிக்கும் முறை

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் என்ற ஊரின் பக்கத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் நடத்துகிறேன். அறிவியல் கண்காட்சி என்றால் ஏதாவது ஒரு மேசையில் கைரேகைச் சோதனை கட்டாயம் இருக்கும். ஸ்டாம்ப் பேடில் கட்டைவிரலை அமுக்கி வெள்ளைத்தாளில் ஒரு பதிவு எடுப்பார்கள். எட்ட நின்று பார்த்து "இது லூப் (கண்ணி), இது வோர்ல் (சுழி)" என்று முடிவு செய்வார்கள். பிறகு வண்ணப் பென்சிலில் ஒரு வட்டப்படம் வரைவார்கள். எனக்கு அதில் மனத்தாங்கல் உண்டு. நிதானித்துப் பார்க்கவும், விதியை வைத்து முடிவெடுக்கவும், தெரியாததைத் தெரியவில்லை என்று எழுதவும் பழக்கிக் கொடுக்கும் சோதனை இது. பார்க்காமலேயே முடிக்கும்போது அத்தனையும் போய்விடுகிறது.

எங்கள் கரையில் இன்னொரு சங்கதியும் உண்டு. வலை நூல், உப்பு, கடல்பாசி, நண்டு ஓடு, பனைமட்டை என்று தினமும் எதையாவது உரசித் தேய்ந்த கைகள்தான் இங்கே அதிகம். பாடநூலில் அச்சிட்ட பளிச்சென்ற ரேகைப் படத்தை நம்பி வந்தால் முதல் விரலிலேயே குழப்பம் வரும். அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

ரேகை எடுக்கும் முன்

கைரேகை என்றாலே போலீஸ் என்று அஞ்சும் வீடுகள் இங்கே இருக்கின்றன. எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு, பல மாதம் சிறையிலிருந்து திரும்பிய அப்பாக்கள் உள்ள ஊர்கள் இவை. அதனால் முதல் நாள் பேச்சு மட்டும்தான். எதற்கு எடுக்கிறோம், யார் பார்ப்பார்கள், முடிந்ததும் என்ன செய்வோம் என்று பிள்ளைகளிடம் சொல்லி, வீட்டில் கேட்டு வரச் சொல்லுங்கள். வேண்டாம் என்ற பிள்ளையை லென்ஸ் பிடிக்கும் குழுவில் போடுங்கள். அட்டையில் பெயர் எழுதக்கூடாது, க-1, க-2 என்று குறியீடு போதும். எந்தக் குறியீடு யாருடையது என்ற தாள் ஆசிரியரிடம் மட்டும் இருக்கட்டும்.

படம் எடுத்து வாட்ஸப் குழுவில் போடுவதை நான் கண்டிப்பாகத் தடுக்கிறேன். பத்திரப்பதிவு ஆவணத்தில் இருந்த ரேகையை நகலெடுத்து, அதை வைத்து அடுத்தவர் வங்கிக் கணக்கில் பணம் எடுத்த வழக்குகள் நம் நாட்டில் நடந்திருக்கின்றன. கடவுச்சொல்லை மாற்றலாம், விரலை மாற்ற முடியாது.

தேவையான பொருள்கள் கொஞ்சம்தான். 4பி பென்சில், ஓர் அங்குல அகலமுள்ள ஒளிபுகும் டேப், ஸ்பைரல் பைண்டிங் செய்யும் கடையில் கிடைக்கும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ஷீட், வெள்ளைத்தாள், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், ஊசி. ஸ்டாம்ப் பேடை நான் பயன்படுத்துவதில்லை. அந்த மையில் ஈரம் அதிகம். வரிகளுக்கு இடையிலுள்ள பள்ளத்தில் இறங்கி எல்லாம் ஒரே நீலத் திட்டாகிவிடும். காவல்துறையில் கெட்டியான கறுப்பு அச்சு மையைத் தட்டில் உருளையால் மெல்லிய படலமாகத் தேய்த்து எடுப்பார்கள். பள்ளியில் பென்சில் தூளே அதைவிடச் சுத்தமாக வேலை செய்யும்.

விரலைத் தயார் செய்வது

காலை முதல் இரண்டு பீரியடுக்குள் எடுத்துவிடுங்கள். மதியத்துக்கு மேல் கடற்காற்றின் ஈரமும் வியர்வையும் சேர்ந்து பென்சில் தூள் சேறாகப் படியும். சோப்புப் போட்டுக் கைகழுவி, துடைத்து, ஐந்து நிமிடம் காயவிட வேண்டும். தலைக்கு எண்ணெய் தேய்த்துப் பின்னல் போட்டு வந்த பிள்ளைகளுக்கு இரண்டாவது முறையும் சோப்பு தேவைப்படும். விடியற்காலையில் கரைவலைக்கோ, படகிலிருந்து மீன் இறக்கவோ போய்விட்டு நேரே பள்ளிக்கு வரும் பையன்களின் விரல்நுனி தண்ணீரில் ஊறிச் சுருங்கியிருக்கும். அந்தச் சுருக்கமும் ரேகை வரியும் ஒன்றோடொன்று கலந்து தெரியும். அவர்களைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். தோல் தானாகப் பழைய நிலைக்கு வந்துவிடும்.

ஒரு தாளில் பென்சிலை அழுத்தித் தேய்த்து, தீப்பெட்டி அளவுக்குக் கறுப்புத் திட்டு உண்டாக்குங்கள். விரலின் ஒரு நகவோரத்தில் தொடங்கி மறு நகவோரம் வரை அதில் உருட்ட வேண்டும். நேராக அமுக்கினால் போதாது. இதைப் பிள்ளைகள் எவ்வளவு சொன்னாலும் விட்டுவிடுவார்கள், ஆனால் சோதனையின் உயிரே இதில் இருக்கிறது. வகையைத் தீர்மானிக்கும் டெல்டா (வரிகள் முக்கோணமாக நெருங்கும் இடம்) என்ற அடையாளம் பெரும்பாலும் விரலின் ஓரத்தில்தான் இருக்கும். நடுவை மட்டும் அமுக்கி எடுத்தால் ஒரு டெல்டா விட்டுப்போய், சுழி ஒன்று கண்ணியாகத் தெரியும்.

பிறகு டேப்பை விரலின் ஒரு பக்கத்தில் தொடங்கி மறுபக்கம் வரை சுருக்கமில்லாமல் சுற்றி ஒட்டுங்கள். டேப் இன்னும் விரலில் இருக்கும்போதே, அதன் மேல் கட்டைவிரல் பக்க ஓரத்தில் பேனாவால் சின்னதாக ஒரு கோடு போடுங்கள். கட்டைவிரலிலேயே எடுக்கிறீர்கள் என்றால் சுட்டுவிரலுக்கு எதிர்ப்பக்கத்து ஓரத்தில் போடுங்கள். எதற்கென்று அடுத்துச் சொல்கிறேன்.

இடவலம் மாறும் சிக்கல்

மை தடவிய விரலைத் தாளில் பதித்தால், தாளில் விழுவது விரலின் இடவலம் மாறிய உருவம். ரேகை அறிவியலில் எல்லா விதிகளும் அந்தப் பதிவை வைத்தே எழுதப்பட்டவை. டேப்பை விரலிலிருந்து எடுத்து அப்படியே வெள்ளைத்தாளில் ஒட்டினால் விழுவது வேறு. விரலை நேருக்கு நேர் பார்த்தால் எப்படித் தெரியுமோ, அதே உருவம். மைப்பதிவுக்கு இது நேர் எதிர். இணையத்தில் இருக்கும் பல செய்முறைகள் இதைச் சொல்லாமல் டேப்பைத் தாளில் ஒட்டச் சொல்கின்றன. வில், கண்ணி, சுழி என்ற பெரிய பிரிவுக்கு அதனால் கெடுதல் இல்லை. கண்ணி எந்தப் பக்கம் திறக்கிறது என்ற கணக்கு மட்டும் வகுப்பு முழுவதும் தலைகீழாகிவிடும்.

தீர்வு சுலபம். டேப்பைப் பிளாஸ்டிக் ஷீட்டில் ஒட்டி, ஷீட்டைத் திருப்பி, மறுபக்கம் வழியாக வெள்ளைத்தாளின் மேல் வைத்துப் பாருங்கள். மைப்பதிவின் திசை கிடைத்துவிடும். சரிபார்க்கத்தான் பேனாக் கோடு. சரியாகத் திருப்பியிருந்தால் வலது கை விரல்களில் அந்தக் கோடு உங்களுக்கு இடப்பக்கமும், இடது கை விரல்களில் வலப்பக்கமும் வரும்.

விரல்களுக்கு எண் உண்டு. வலது கட்டைவிரல் 1, சுட்டுவிரல் 2, நடுவிரல் 3, மோதிரவிரல் 4, சுண்டுவிரல் 5. இடது கட்டைவிரல் 6, அங்கிருந்து வரிசையாக இடது சுண்டுவிரல் 10. ஷீட்டில் பத்துக் கட்டம் போட்டு அந்தந்த எண்ணில் ஒட்டுங்கள். கட்டைவிரல் ஒன்றை மட்டும் எடுத்து வகுப்பின் சதவீதம் சொல்வது சரியல்ல. கட்டைவிரலிலும் மோதிரவிரலிலும் சுழி கூடுதலாக வரும். சுண்டுவிரலில் பெரும்பாலும் கண்ணிதான். விதவிதமான வடிவங்கள் வருவது சுட்டுவிரலில்.

டெல்டா

ரேகையைப் பார்த்ததும் எல்லோர் கண்ணும் நடுவுக்குத்தான் போகும். அந்தப் பழக்கத்தை மாற்றுங்கள். ஓரத்தைப் பாருங்கள். இணையாக வந்துகொண்டிருக்கும் இரண்டு வரிகள் ஓரிடத்தில் விலகிப் பிரிந்து, ஒன்று மேலே ஏறி நடு வடிவத்தை அணைக்கும், மற்றொன்று கீழே போகும். நீரோட்டம் குருசடைத் தீவின் மூக்கில் மோதி இரண்டாகப் பிரிவதைப் படகில் போகும்போது பார்த்திருப்பீர்களே, அதுபோல. அந்தப் பிரிவுக்கு எதிரே மூன்று பக்கத்து வரிகள் கிட்டத்தட்ட ஒரு முக்கோணமாக நெருங்கும் இடம்தான் டெல்டா. சிவப்புப் பேனாவால் ஷீட்டின் மேல் அதற்குப் புள்ளி வையுங்கள். புள்ளி வைத்த பிறகுதான் வகையின் பெயரை வாயால் சொல்லலாம் என்பது எங்கள் ஆய்வகச் சட்டம்.

டெல்டா இல்லை, வரிகள் ஒரு பக்கம் நுழைந்து நடுவில் லேசாக எழும்பி மறுபக்கம் வெளியேறுகின்றன என்றால் அது ஆர்ச் என்கிற வில். ஒரு டெல்டா இருந்து, வரிகள் ஒரு பக்கம் நுழைந்து மடிந்து அதே பக்கம் திரும்பிப் போனால் லூப் என்கிற கண்ணி. இரண்டு டெல்டா, நடுவில் குறைந்தது ஒரு வரியாவது சுற்றி வருகிறது என்றால் வோர்ல் என்கிற சுழி. நூற்றுக்குத் தொண்ணூறு விரல்கள் இந்த மூன்று வாக்கியத்துக்குள் அடங்கிவிடும்.

மீதிப் பத்து

பிள்ளைகள் உண்மையில் கற்றுக்கொள்வது இங்கேதான், அதனால் இதற்குத் தாராளமாக நேரம் கொடுங்கள்.

கூடார வில் முதல் தொல்லை. நடுவில் வரிகள் செங்குத்தாக எழும்பி நிற்கும், அடியில் டெல்டா மாதிரியே ஒன்று தெரியும். உடனே கண்ணி என்று எழுதிவிடுவார்கள். கண்ணிக்கு மூன்று தகுதி வேண்டும்: முழுதாக மடிந்து திரும்பும் ஒரு வரியாவது இருக்க வேண்டும், டெல்டா இருக்க வேண்டும், டெல்டாவுக்கும் மையத்துக்கும் (ஆக உள்ளே மடியும் வரியில் இருக்கும் புள்ளி) நடுவே கோடு இழுத்தால், மடிந்த வரிகளில் ஒன்றையாவது அந்தக் கோடு வெட்ட வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது கூடார வில்தான். என் அனுபவத்தில் மூன்றாவது தகுதியில்தான் அதிகம் தவறுகிறது. டெல்டா மையத்துக்கு நேர் கீழே ஒட்டி நிற்கும், எண்ண வரியே இருக்காது.

இரண்டாவது, பைச்சுழி. பார்க்கக் கண்ணி போலவே இருக்கும், ஆனால் உள்ளே நடுவில் சின்னதாக ஒரு வரி முழுச் சுற்று சுற்றியிருக்கும். மையத்தை ஒட்டி இரண்டாவது டெல்டாவும் ஒளிந்திருக்கும். இரண்டு டெல்டாவையும் ஒரு கோட்டால் சேருங்கள். உள்வட்டத்துச் சுற்றுவரி எதையும் அந்தக் கோடு தொடாவிட்டால் பைச்சுழி. தொட்டாலோ வெட்டினாலோ எளிய சுழி. ஷீட்டின் மேல் ஊசிமுனையை வைத்து வரியோடு நகர்த்திப் பார்க்க வேண்டிய இடம் இது. கண்ணால் மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது.

மூன்றாவது, இரட்டைக் கண்ணிச் சுழி. தனித்தனியான இரண்டு கண்ணிகள் ஒன்றையொன்று தழுவிச் சுருண்டிருக்கும், டெல்டா இரண்டு. கட்டைவிரலில் தேடினால் சீக்கிரம் கிடைக்கும். இந்த எதற்குள்ளும் அடங்காமல், இரண்டு வேறு வடிவங்கள் சேர்ந்து நிற்பதும், மூன்று டெல்டா வருவதும் அபூர்வமாக நடக்கும். அதைக் கலப்புச் சுழி என்று தனியாக வையுங்கள். அப்படி ஒன்று அகப்பட்டால் வகுப்பு முழுக்கச் சுற்றி வரட்டும், எல்லோரும் லென்ஸ் வைத்துப் பார்க்கட்டும்.

கண்ணிக்குத் திசை எழுத வேண்டும். திறந்த பக்கம் சுண்டுவிரலை நோக்கி இருந்தால் சுண்டுவிரல் பக்கக் கண்ணி. கட்டைவிரலை நோக்கி இருந்தால் கட்டைவிரல் பக்கக் கண்ணி. சரியாகத் திருப்பிய ஷீட்டில் வலது கை என்றால் வலப்புறம் திறப்பது முதல் வகை, இடது கை என்றால் இடப்புறம் திறப்பது முதல் வகை. கட்டைவிரல் பக்கக் கண்ணி குறைவு, வந்தால் பெரும்பாலும் சுட்டுவிரலில் வரும். ஒரு பிள்ளைக்குச் சுண்டுவிரல், மோதிரவிரல் எல்லாமே கட்டைவிரல் பக்கம் திறப்பதாக அட்டை வந்தால், ஷீட்டைத் திருப்ப மறந்திருக்கிறார்கள் என்று பொருள். பேனாக் கோட்டைப் பாருங்கள்.

வரி எண்ணுவது

பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புக்கு இதையும் கொடுக்கலாம். டெல்டாவிலிருந்து மையம் வரை மெல்லிய கோடு இழுத்து, நடுவில் வெட்டுப்படும் வரிகளை எண்ண வேண்டும். டெல்டாவையும் மையத்தையும் எண்ணிக்கையில் சேர்க்கக்கூடாது. கண்ணியின் மையம் என்பது ஆக உள்ளே மடியும் வரியில், டெல்டாவுக்குத் தூரமாக இருக்கும் தோள், அதாவது அந்தப் பக்கத்தில் வரி வளையத் தொடங்கும் இடம். அந்த மடிப்புக்குள் ஒற்றை வரி ஒன்று தோள் உயரத்துக்கு எழும்பி நின்றால் அதன் நுனிதான் மையம். வில்லுக்குப் பூஜ்யம். சுழிக்கு இரண்டு டெல்டாவிலிருந்தும் எண்ணி, பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

பத்து விரல்களின் கூட்டுத்தொகை மரபோடு நெருங்கிய தொடர்புள்ளது. வகுப்பில் ஒரே கருவில் உருவான இரட்டையர் இருந்தால், அவர்கள் சம்மதித்தால், இரண்டு பேரின் கூட்டுத்தொகையும் பக்கத்தில் பக்கத்தில் வரும். ஆனால் லென்ஸ் வைத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தால் ரேகைகள் வேறு வேறுதான். கருவின் பத்தாவது வாரத்தையொட்டி விரல்நுனியில் வரிகள் உருவாகத் தொடங்குகின்றன. அப்போது விரல்நுனியில் ஒரு சதைமேடு இருக்கும். அது உயரமாக இருந்தால் சுழியும், தாழ்வாக இருந்தால் வில்லும் வர வாய்ப்பு அதிகம். பெரிய வடிவத்தை மரபு பெரிதும் சாய்க்கிறது. ஒவ்வொரு வரியும் எங்கே முடிகிறது, எங்கே கிளைக்கிறது என்பதைக் கருப்பைக்குள் நடக்கும் சின்னச் சின்ன மாற்றங்கள் தீர்மானிக்கின்றன. ஆறாம் மாதத்துக்குள் அமைந்துவிட்டால் பிறகு ஆயுளுக்கும் அதே அமைப்புதான்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். பிள்ளையின் விரல்ரேகையைப் பார்த்து அறிவுத்திறனைக் கணிக்கிறோம், எந்தப் படிப்பு ஒத்துவரும் என்று சொல்கிறோம் என்று பெற்றோரிடம் பணம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். சுழி இருந்தால் கெட்டிக்காரன், வில் இருந்தால் மந்தம் என்பதற்கெல்லாம் எந்த ஆதாரமும் கிடையாது. அட்டையில் வில் மட்டுமே வந்த ஒரு பிள்ளை முகம் வாடி நிற்பதை நீங்களும் பார்க்க நேரலாம். அந்த இடத்திலேயே அதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

ஹென்றி எண்

வகை பிரித்தாகிவிட்டது, அதை வைத்து என்ன செய்வது என்று பிள்ளைகள் கேட்பார்கள். 1858-இல் வங்காளத்தில் ஹூக்ளிப் பக்கம் அதிகாரியாக இருந்த வில்லியம் ஹெர்ஷல், சாலை போடும் சரளைக்கு ராஜ்யதர் கோனாய் என்பவரோடு செய்த ஒப்பந்தத்தில் அவர் உள்ளங்கையைப் பதித்து வாங்கினார். 1892-இல் பிரான்சிஸ் கால்டன் வில், கண்ணி, சுழி என்ற மூன்று பிரிவை நூலாக எழுதினார். ஆனால் ஆயிரக்கணக்கான அட்டைகளில் ஒன்றை எப்படித் தேடி எடுப்பது? அந்தக் கணக்கைப் போட்டவர்கள் கல்கத்தாவில் வேலை பார்த்த இரண்டு இந்தியர்கள், அஜிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ். 1897-இல் அங்கே கைரேகைப் பணியகம் தொடங்கியது. முறைக்கு நிலைத்த பெயரோ மேலதிகாரி எட்வர்ட் ஹென்றியுடையது. அந்த இரண்டு பெயரையும் கரும்பலகையில் எழுதிவிட்டுத்தான் நான் கணக்கைத் தொடங்குவேன்.

இதில் சுழி மட்டுமே கணக்கு. 1, 2-ஆம் விரலில் சுழி இருந்தால் 16 மதிப்பு. 3, 4-க்கு 8. 5, 6-க்கு 4. 7, 8-க்கு 2. 9, 10-க்கு 1. சுழி இல்லாத விரலுக்குப் பூஜ்யம். இரட்டைப்படை எண் விரல்களின் மதிப்பைக் கூட்டி, ஒன்று சேர்த்து மேலே எழுதுங்கள். ஒற்றைப்படை விரல்களின் மதிப்பைக் கூட்டி, ஒன்று சேர்த்துக் கீழே எழுதுங்கள். ஒரு பிள்ளைக்கு வலது கட்டைவிரல், வலது சுட்டுவிரல், இடது மோதிரவிரல் மூன்றிலும் சுழி என்று வைத்துக்கொள்வோம். மேலே 2-ஆம் விரலின் 16, ஒன்று சேர்த்து 17. கீழே 1-ஆம் விரலின் 16, 9-ஆம் விரலின் 1, ஒன்று சேர்த்து 18. எண் 17/18. சுழியே இல்லாதவருக்கு 1/1, பத்திலும் சுழி என்றால் 32/32. மேலே 32 வாய்ப்பு, கீழே 32 வாய்ப்பு, மொத்தம் 1024 அறைகள். இன்று கணினிதான் தேடுகிறது. 2022-இல் நாடு முழுவதுக்குமான நாஃபிஸ் என்ற காவல்துறைக் கைரேகைத் தரவுத்தளமும் வந்துவிட்டது. இருந்தாலும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிள்ளைக்குத் தரவைத் தேடும்படி அடுக்குவது என்றால் என்னவென்று கையாலேயே புரிந்துவிடும்.

தேய்ந்த விரல்

"டீச்சர், எங்கம்மாவுக்கு ரேஷன் கடை மிஷின்ல கை விழவே மாட்டேங்குது. அம்மாவுக்கு ரேகை அழிஞ்சு போச்சா?" எங்கள் பக்கத்துப் பிள்ளைகளிடமிருந்து இந்தக் கேள்வி வராமல் இருக்காது. கடலுக்குள் மூழ்கிப் பாறையில் மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்ற கடல்பாசிகளைப் பறிக்கும் பெண்கள் விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டுதான் இறங்குகிறார்கள். அப்படியும் தோல் உரிந்துபோகும். நண்டு உடைப்பவர்கள், வாலிநோக்கம் பக்கம் உப்பளத்தில் நிற்பவர்கள், சாயல்குடிப் பக்கம் பனை ஏறுபவர்கள் எல்லோருக்கும் இந்த நிலைதான்.

"அழியலம்மா, மேல் தோல்தான் தேஞ்சிருக்கு. ரேகையோட அச்சு அடித்தோல்ல பத்திரமா இருக்கு" என்று சொல்லுங்கள். அதுதான் உண்மை. உரசல் நின்று சில நாள் ஓய்வு கிடைத்தால் அதே வரிகள் அதே இடத்தில் எழும்பி வரும். அடித்தோல் வரை இறங்கிய வெட்டு மட்டும் நிரந்தரத் தழும்பாக நிற்கும். ஓடும் நரம்பு வலையில் (நைலான் இழை வலை) விரல் மாட்டிய பையன்களிடம் குறுக்கே வெள்ளைக் கோடாக அதைப் பார்க்கலாம். தழும்பை அட்டையில் குறித்துவிட்டு, மிச்சமுள்ள வரிகளை வைத்து வகை சொல்லுங்கள்.

தேய்ந்த விரலில் ரேகை எடுக்க, முந்தின இரவு தேங்காயெண்ணெய் தடவிப் படுத்து, காலையில் சோப்புப் போட்டுக் கழுவி வரச் சொல்லுங்கள். பென்சில் தூளைக் குறைவாகத் தொட்டு, மென்மையாக அழுத்துங்கள். தேய்ந்த வரியின் உயரம் குறைவு, அழுத்தினால் பள்ளத்திலும் தூள் ஏறிவிடும். அப்படியும் வராவிட்டால், ஜன்னல் பக்கம் நின்று வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி விரலை மொபைலில் படம் எடுங்கள். வரிகளின் நிழலில் வடிவம் தெரியும். விரலை நேராக எடுத்த படம் மைப்பதிவோடு ஒப்பிட்டால் இடவலம் மாறியிருக்கும் என்பதை மறக்காமல், கண்ணாடித் திருப்பம் செய்துவிட்டுத் திசை எழுதுங்கள். வகுப்பில் பார்த்து முடித்ததும் படத்தை அழித்துவிடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் டெல்டா தெரியவில்லையா? 'தெளிவில்லை' என்று எழுதுங்கள். அட்டையில் அதற்கென்று ஒரு கட்டம் இருக்கட்டும். ஊகித்து எதிலாவது தள்ளினால், தேய்ந்த விரல்களில் டெல்டா மறைவதால் சுழிகள் கண்ணியாகவும் கண்ணிகள் வில்லாகவும் எழுதப்பட்டு, வகுப்பின் முடிவே ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.

இதையே தனி ஆய்வாகச் செய்ய விரும்பும் பிள்ளைக்கு ஒரு யோசனை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். பள்ளி திறந்ததும் தடை முடியும் முன்பே வீட்டுப் பெரியவர் ஒருவரின் ரேகையை எடுத்து, ஆகஸ்டில் அதே விரல்களை மறுபடி எடுத்து, எத்தனை விரல் 'தெளிவில்லை' ஆகிறது என்று ஒப்பிடலாம். தடைக்காலத்திலும் வலை பின்னுவதும் படகு செப்பனிடுவதும் நடக்கும், கை முழு ஓய்வில் இருக்காது. அந்தப் பெரியவர் அந்த வாரம் என்ன வேலை செய்தார் என்பதையும் பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும்.

எண்ணிக்கையும் எச்சரிக்கையும்

ஒவ்வொரு அட்டையையும் இரண்டு குழுக்கள் தனித்தனியே, பேசிக்கொள்ளாமல், வகை பிரிக்கட்டும். பிறகு ஒப்பிடுங்கள். ஒத்துப்போகாத விரல்களை லென்ஸின் கீழ் வைத்து, விதியைச் சத்தமாக வாசித்து, வாதாடித் தீர்க்கட்டும். எனக்கு இந்தச் சோதனையிலேயே மிகவும் பிடித்த நேரம் அதுதான். "டெல்டாவைக் காட்டுடா, காட்டு" என்று பிள்ளைகள் மேசையைச் சுற்றி நிற்பார்கள்.

பொதுவாகக் கண்ணி நூற்றுக்கு 60 முதல் 65, சுழி 30 முதல் 35, வில் 5 என்று நூல்களில் இருக்கும். ஆசிய மக்களிடம் சுழி இதைவிடக் கூடுதலாக வருவது தெரிந்த விஷயம்தான். உங்கள் வகுப்பு எண் மாறி வந்தால் திருத்தாதீர்கள். நாற்பது பேர் சேர்ந்தால் நானூறு விரல், ஆனாலும் அவை நானூறு தனித்தனிச் சான்றுகள் ஆகா. ஒருவரின் பத்து விரல்களும் ஒன்றுக்கொன்று உறவுள்ளவை. கரையோர ஊர்ப் பள்ளியில் பாதிப்பேர் ஒருவருக்கொருவர் மாமன், மச்சான், சின்னம்மா பிள்ளைகள் வேறு. பன்னிரண்டாம் வகுப்பு கை-வர்க்கச் சோதனை (chi-square, எதிர்பார்த்த எண்ணிலிருந்து கிடைத்த எண் எவ்வளவு விலகுகிறது என்று பார்க்கும் புள்ளியியல் கணக்கு) போட்டுப் பார்த்தால் இந்தக் குறையை அவர்களே எழுத வேண்டும்.

கடைசியில் எவர்சில்வர் டம்ளர் விளையாட்டு வைக்கலாம். ஒருவர் டம்ளரைப் பிடித்துவிட்டுப் போக, அடுப்புக்கரித் தூளை மென்மையான பிரஷ்ஷால் தூவி ரேகையை டேப்பில் எடுத்து, யாருடையது என்று தேடுவது. டம்ளரில் தெளிவான சுழி இருக்கிறது, க-7 பிள்ளைக்குப் பத்து விரலிலும் சுழி இல்லை என்றால், அந்த ரேகை க-7 உடையது இல்லை என்று உறுதியாகச் சொல்லலாம். டம்ளரில் கண்ணி இருக்கிறது, க-12-க்கும் கண்ணி என்றால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. வகுப்பில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் கண்ணி உண்டு. வகை ஒருவரை விலக்க உதவும், பிடிக்க உதவாது. ஆளைச் சொல்ல வரி முடியும் இடம், கிளைக்கும் இடம், தீவாக நிற்கும் துண்டு வரி ஆகிய நுண்புள்ளிகள் ஒவ்வொன்றாக, அவை இருக்கும் இடத்தோடு சேர்த்துப் பொருந்த வேண்டும். அதிலும் கவனம் தேவை. 2004 மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பில் கிடைத்த ரேகை பிராண்டன் மேஃபீல்டு என்ற அமெரிக்க வழக்கறிஞருடையது என்று அமெரிக்காவின் எஃப்பிஐ நிபுணர்களே தவறாகச் சொல்லி அவரைக் காவலில் வைத்தார்கள். பிறகு ஸ்பெயின் காவல்துறை அது வேறொருவருடையது என்று கண்டறிந்தது. பிள்ளைகளிடம் இதை நான் தவறாமல் சொல்கிறேன். விளையாட்டிலும் "நீதான் திருடன்" என்று யாரும் யாரையும் சொல்லக்கூடாது, "விலக்க முடியவில்லை" என்றுதான் எழுத வேண்டும்.

அறிக்கையில் ஒவ்வொரு விரல் எண்ணுக்கும் தனி வரிசை, வகை, கண்ணி என்றால் திசை, தழும்பு, 'தெளிவில்லை' எண்ணிக்கை, இரண்டு குழுக்களும் முதலில் ஒத்துப்போகாத விரல்களின் எண்ணிக்கை எல்லாம் இருக்கட்டும். மதிப்பெண் போடும்போது நான் கடைசி இரண்டையும்தான் முதலில் பார்ப்பேன். அறிக்கை முடிந்த அன்றே ஷீட்டுகளை அவரவரிடம் திருப்பிக் கொடுத்து, குறியீட்டுத் தாளைப் பிள்ளைகள் முன்னாலேயே கிழித்துப் போட்டுவிடுங்கள்.